இந்த நிலை வருமா, வராதா? செஸ் போர்டில் தடம் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தருமபுரியில் எங்கள் மாடி அறைக்குப் பிள்ளைகள் செஸ் ஆட வருகிறார்கள். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு செருப்பு விட இடமில்லை. கடைசி அரை மணி நேரம் மட்டும் ஆட்டம் கிடையாது. ஏதாவது ஒரு கோணங்கி நிலையை அடுக்கிவைத்து, "இது வருமா, வராதா?" என்று கேட்பேன். அதைப் பற்றிப் பிள்ளைகளும், கூட்டிப்போக வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"வருமா, வராதா" என்றால் என்ன?

போர்டில் காய்கள் ஏதோ ஒரு மாதிரி நிற்கின்றன. ஆட்டத்தின் ஆரம்ப நிலையிலிருந்து கிளம்பி, விதியை மீறாமல் நகர்த்தி நகர்த்தி, இந்த நிலைக்கு வந்து சேர முடியுமா? கேள்வி அவ்வளவுதான். அடுத்து என்ன ஆடலாம், யார் ஜெயிப்பார்கள் என்பது நமக்கு வேண்டாம். முன்னால் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் பார்க்கிறோம்.

தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. விடிகாலையில் கேழ்வரகுக் கொல்லைக்குப் போனால், ராத்திரி யானை எந்தப் பக்கம் நுழைந்தது, எத்தனை வந்தது, குட்டி கூட இருந்ததா, எந்த வழியாகத் திரும்பியது என்று தடத்தையும் சாய்ந்த கதிரையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். யானையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதே வேலைதான் இது. அதனால் எங்கள் அறையில் இதற்குப் பெயர் "தடம் பார்ப்பது".

காய்களுக்கும் கட்டங்களுக்கும் நீங்கள் சொல்லும் பெயர் என்ன?

ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். பிஷப்பை மந்திரி என்கிற வீடுகளும் உண்டு, தகராறு இல்லை. கட்டங்களுக்கு, வெள்ளை ஆடுபவரின் இடது கையிலிருந்து வலது கைக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு 1 முதல் 8. வெள்ளையின் இடது மூலை ஏ1, அது கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா ஆரம்பத்தில் நிற்பது இ8. இனி வரும் பதில்களைப் பக்கத்தில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

இது விதிப் புத்தகத்தில் இருக்கிறதா, நீங்களாகச் சொல்வதா?

இருக்கிறது. ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) விதிகளில் 3.10.3: விதிப்படியான எந்த நகர்த்தல் வரிசையாலும் எட்ட முடியாத நிலை, விதிக்குப் புறம்பான நிலை.

இதில் "எந்த வரிசையாலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "வரும்" என்று நிரூபிக்க ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்டினால் போதும். அது எவ்வளவு மட்டமான ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ராணியைத் தூக்கிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. "வராது" என்று சொல்லத்தான் வாதம் வேண்டும். இருக்கிற எல்லா வழியையும் அடைத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். பார்க்கக் கோணலாக இருந்தால் உடனே "வராது சார்" என்பார்கள். கோணலுக்கும் வராமைக்கும் சம்பந்தமே இல்லை என்று புரியவைக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆகும்.

பார்த்தவுடனே தள்ளிவிடக் கூடியவை எவை?

ஒரு பக்கத்துக்கு ராஜா இல்லை, அல்லது இரண்டு ராஜா. ராஜாக்கள் ஒட்டி நிற்கிறார்கள். இரண்டு ராஜாவுமே செக்கில். ஆட வேண்டியது வெள்ளை, ஆனால் செக்கில் இருப்பது கறுப்பு. முதல் வரிசையிலோ எட்டாம் வரிசையிலோ சிப்பாய். ஒரு பக்கத்துக்கு ஒன்பது சிப்பாய். இவற்றையெல்லாம் ஏழு வயதுக் குழந்தையே கண்டுபிடிக்கும், மேலே போவோம்.

இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது?

ஒரு பேனரால். சில வருஷம் முன்னால் ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். வாசலில் பெரிய பேனர், அதில் பளபளவென்று ஒரு செஸ் போர்டு. எங்களோடு வந்த ஒன்பது வயதுப் பெண் சாப்பாட்டு இடைவேளையில் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், இந்த பிஷப் இங்க எப்படி வந்துச்சு?" என்றாள். வெள்ளை பிஷப் ஏ1-ல். பி2-ல் வெள்ளைச் சிப்பாய்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பிஷப் குறுக்கேதான் போகும். ஏ1 மூலைக்கு ஒரே ஒரு வாசல், அது பி2. பி2-ல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அங்கேயே நிற்கிறது, ஏனென்றால் சிப்பாய் பின்னால் போகாது, வேறு எங்கிருந்தும் பி2-க்கு வர முடியாது. ஆக வாசல் ஒருநாளும் திறக்கவே இல்லை. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் பிஷப்பாக மாறியிருக்கலாமே என்றால், அந்தப் புது பிஷப்பும் ஏ1-க்குள் நுழைய பி2 வழியாகத்தான் வர வேண்டும். வராது. முடிந்தது.

அந்தப் பெண் இதை இவ்வளவு வரிசையாகச் சொல்லவில்லை. "கதவு பூட்டியிருக்கு சார்" என்றாள். அதற்குமேல் என்ன வேண்டும்?

பேனர், சுவர், விளம்பரம் இவற்றில் வரும் போர்டுகள் ஏன் பெரும்பாலும் தப்பாக இருக்கின்றன?

வரைகிறவருக்கு அது அலங்காரம், அதனால்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாடு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமும் "தம்பி" குதிரையுமாக இருந்தது. நான் பார்த்தவற்றில் அதிகம் தென்பட்ட தப்பு, போர்டைக் கால் சுற்று திருப்பி வைத்திருப்பது. ஆடுபவரின் வலது கை மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு வேடிக்கை என்னவென்றால், போர்டு திரும்பியிருப்பதாலேயே நிலை வராத நிலை ஆகிவிடாது. கட்டத்தின் பெயின்ட் வேறு, காய்களின் கணக்கு வேறு. போட்டியிலேயே நடுவில் இதைக் கண்டுபிடித்தால், அதே நிலையைச் சரியாக வைத்த போர்டுக்கு மாற்றி ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறது ஃபிடே விதி. ஆரம்பத்தில் காய்களையே தப்பாக அடுக்கியிருந்தால் மட்டும் ஆட்டம் ரத்து, புது ஆட்டம்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை ராணி இருக்கலாம்?

ஒன்பது. பழைய ராணி ஒன்று, எட்டுச் சிப்பாயும் ராணியானால் எட்டு. யானை, பிஷப், குதிரை ஒவ்வொன்றும் அதிகபட்சம் பத்து. ஆனால் எல்லாமே ஒரே உண்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு சிப்பாய் குறைந்திருக்க வேண்டும். மூன்று ராணியும் ஏழு சிப்பாயும் வராது.

இதில் பிள்ளைகள் கோட்டை விடுவது பிஷப்பில். இரண்டே பிஷப்தானே, கூடுதல் இல்லையே என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே நிறக் கட்டத்தில் நின்றால், அதில் ஒன்று சிப்பாயாக இருந்து மாறியது. அப்போது எட்டுச் சிப்பாயும் முழுசாக நின்றால் அந்த நிலை வராது.

ஒன்பது ராணி நிலையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரே நிலையில் அதிகபட்சம் எத்தனை நகர்த்தல் சாத்தியம் என்ற கேள்விக்கு 1964-ல் நெனாட் பெட்ரோவிச் அமைத்த நிலை அப்படிப்பட்டதுதான். வெள்ளைக்கு ஒன்பது ராணி, கறுப்புக்கு மூலையில் ராஜாவும் இரண்டு சிப்பாயும். வெள்ளைக்கு 218 நகர்த்தல். சட்டப்படி வரக்கூடிய நிலை அது.

ஒரே நெடுவரிசையில் சிப்பாய்கள் வரிசையாக நின்றால்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். தடம் பார்ப்பதில் சிப்பாய்தான் நம் பெரிய சாட்சி. குதிரை எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வீட்டில் வந்து நிற்கும். சிப்பாயால் அது முடியாது. பின்னால் போகாது, வெட்டினால் மட்டுமே பக்கத்து வரிசைக்கு மாறும். ஆகவே ஒரு சிப்பாய் தன் வரிசையை விட்டு எத்தனை வரிசை தள்ளி நிற்கிறதோ, குறைந்தது அத்தனை எதிரிக் காய் வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.

ஏ வரிசையில் ஏ2 முதல் ஏ7 வரை ஆறு வெள்ளைச் சிப்பாய் என்று வையுங்கள். பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஏ2-ல் இருப்பது நகரவே இல்லை, செலவு சுழி. ஏ3-ல் இருப்பது பி2-லிருந்து ஒரு வெட்டு வெட்டி வந்தது. ஏ4-ல் இருப்பது சி2-லிருந்து, இரண்டு வெட்டு. ஏ5-ல் இருப்பது டி2-லிருந்து, மூன்று. ஏ6 நான்கு, ஏ7 ஐந்து. கூட்டினால் 15. கறுப்பிடம் ராஜா போக இருப்பது எத்தனை காய்? சரியாக 15! ஆக கறுப்பு ராஜா மட்டும் தனியாக நின்றால் இந்த நிலை வரும். கூட ஒரே ஒரு கறுப்புக் காய், எது வேண்டுமானாலும் சரி, போர்டில் வைத்தால் வராது. ஒரு காய் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆனால் தீர்ப்பே மாறிவிடுகிறது.

இது நிஜத்தில் எதற்காவது உதவுமா?

ஒருமுறை உதவியது. அண்ணன் தம்பி இரண்டு பேர் எங்கள் மொட்டை மாடியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீர் மழை. போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பாதிக் காய் சரிந்துவிட்டது. உள்ளே வந்து திரும்ப அடுக்கினார்கள். அண்ணன் வெள்ளை. அவன் தன் சிப்பாய்களை ஏ2, ஏ3, ஏ4 என்று வைத்தான். தம்பி, "டேய், அது அங்க இல்ல" என்றான். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நகர்த்தல்களை எழுதி வைக்கும் பழக்கம் இருவருக்கும் இல்லை.

நான் காய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். வெட்டுப்பட்ட கறுப்புக் காய்களை அண்ணன் மழைக்கு முன்பே பெட்டியில் போட்டிருந்தான். ஒரு குதிரை, ஒரு சிப்பாய். இரண்டுதான். அவன் வைத்தபடி நிற்க வேண்டுமானால் மூன்று வெட்டு வேண்டும். "மூணாவது காய் எங்கடா?" என்றேன். இரண்டு பேரும் கீழே குனிந்து தேடினார்கள், ஒன்றும் இல்லை. அப்புறம் தம்பி, ஏ3 சிப்பாயைத் தூக்கி பி3-ல் வைத்தான். இப்போது கணக்கு: பி2 சிப்பாய் ஒரு வெட்டு வெட்டி ஏ3, பிறகு நேராக ஏ4. சி2 சிப்பாய் ஒரு வெட்டு வெட்டி பி3. மொத்தம் இரண்டு. சரியாக உட்கார்ந்தது. தம்பி சொன்னதுதான் உண்மை என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது, அண்ணன் சொன்னது பொய் என்று மட்டும்தான் ஆகிறது. எட்டு வயதுத் தம்பிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை.

பார்க்க முற்றிலும் சாதாரணமாக இருந்தும் வராத நிலை உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்த வகையே அதுதான். வெள்ளைக்குக் குறைவது ஒரே காய், சி1-ல் இருக்க வேண்டிய பிஷப். பி2, டி2 சிப்பாய்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கறுப்பின் பக்கம் சி7-ல் ஒன்று, சி6-ல் ஒன்று என்று இரட்டைச் சிப்பாய். தினமும் பத்து ஆட்டத்தில் பார்க்கிற மாதிரி ஒரு நிலை, யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள்.

ஆனால் சி6-ல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் பி7-லிருந்தோ டி7-லிருந்தோ ஏதோ ஒன்றை சி6-ல் வெட்டித்தான் அங்கே வந்திருக்க முடியும். வெட்டுப்பட்டது ஒரே காய், அந்த பிஷப். அந்த பிஷப்போ பி2-வும் டி2-வும் அடைத்திருப்பதால் சி1-ஐ விட்டு ஒரு அடிகூட எடுத்து வைத்ததில்லை. வீட்டிலேயே வெட்டுப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் ஏதோ ஒரு குதிரையால். சி1-ல் செத்த பிஷப்பை சி6-ல் எப்படி வெட்டுவது? வராது.

ஆறு சிப்பாய் கோபுரம் வரும், இந்த அப்பாவி நிலை வராது. இதை நேரில் அடுக்கிக் காட்டிய பிறகுதான் பிள்ளைகள் கண்ணால் முடிவு கட்டுவதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பிக்கிறார்கள்.

செக் இருந்தால் எப்படித் தடம் பார்ப்பது?

செக் என்பது அப்போதுதான் பதிந்த ஈரமான தடம். போன நகர்த்தலுக்கு முன்னால் அது இருந்திருக்க முடியாது. ஆகவே "இந்த செக் எப்படி வந்தது?" என்று கேட்டால் கடைசி நகர்த்தல் கையில் கிடைத்துவிடும். ஒன்று, செக் கொடுக்கும் காயே வந்து நின்றிருக்க வேண்டும். அல்லது, நடுவில் மறைத்த காய் விலகியிருக்க வேண்டும்.

இரட்டை செக்கில் இது இன்னும் இறுகும். குதிரையை யாராலும் மறைக்க முடியாது, அதனால் இரண்டு குதிரை சேர்ந்து செக் கொடுக்கும் நிலை வராது. இரண்டு சிப்பாயும் அப்படியே.

இப்போது இதை அடுக்குங்கள். கறுப்பு ராஜா இ8. வெள்ளை பிஷப் பி5, வெள்ளை யானை இ1. வெள்ளை ராஜா எங்கோ ஓரமாக. நடுவில் வழியெல்லாம் காலி. இரண்டு காயும் செக். வருமா? வரும். பிஷப் இ2-ல் யானையை மறைத்துக்கொண்டு நின்றது, அங்கிருந்து பி5-க்குத் தாவியது. சரி, யானையை மட்டும் ஒரு கட்டம் முன்னால் தள்ளி இ2-ல் வையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. இப்போது பிஷப் எங்கிருந்து வந்திருக்கும்? இ வரிசையிலிருந்து பி5-க்கு வர, ராஜா நிற்கும் இ8-ஐ விட்டால், இ2 ஒன்றுதான் வழி. அங்கே யானையே நிற்கிறது. யானை நகர்ந்து பிஷப்பைத் திறந்துவிட்டதா? அப்படியென்றால் யானை சி6-லோ டி7-லோ இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து இ2-க்கு எந்த யானையும் ஒரே தாவில் வராது, அது நம்ம ஜவளகிரி யானையாகவே இருந்தாலும். வராது.

மூன்று காய் ஒரே சமயத்தில் செக்?

வராது. சாதாரண நகர்த்தலில் ஒரு கட்டம்தான் காலியாகும். அதனால் வந்து நின்ற காய் ஒன்று, திறந்துவிடப்பட்ட காய் ஒன்று, அதோடு சரி. ஆன் பாசான் வெட்டில் (இரண்டு கட்டம் தாண்டி வந்த எதிரிச் சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் அடுத்த நகர்த்தலிலேயே நம் சிப்பாயால் வெட்டுவது) ஒரே நேரத்தில் இரண்டு கட்டம் காலியாகும். ஆனால் வெட்டிய சிப்பாய் செக் கொடுக்கும் இடத்தில் ராஜா நின்றால், வெட்டுப்பட்ட சிப்பாயின் கட்டம் வழியாக அதற்கு செக் வராது, ஆகவே அங்கேயும் இரண்டோடு சரி.

யார் ஆட வேண்டும் என்பது முக்கியமா?

ரொம்ப. இதைக் கேட்கிற ஆள் பாதி தூரம் வந்துவிட்டார் என்று அர்த்தம். போர்டில் 32 காயும் ஆரம்ப நிலையில், அப்படியே. ஆனால் ஆட வேண்டியது கறுப்பு. வருமா?

"குதிரையை வெளியே விட்டு உள்ளே இழுத்துக்கிட்டா போதுமே சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். செய்து பாருங்கள். சிப்பாய் ஒன்றும் நகரவில்லை, ஆகவே பிஷப், ராணி, ராஜா யாரும் அசைந்ததில்லை. அசைய முடிந்தவை குதிரைகளும் யானைகளும் மட்டும். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். வெள்ளையில் நின்றால் கறுப்புக்கு, கறுப்பில் நின்றால் வெள்ளைக்கு. ஆகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்ப எப்போதும் இரட்டைப்படைத் தாவல்தான். இரண்டு குதிரையும் இடம் மாறி நின்றால்? பி1 வெள்ளைக் கட்டம், ஜி1 கறுப்புக் கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒற்றைப்படை, இரண்டையும் கூட்டினால் மறுபடி இரட்டைப்படை. யானைக்கு, பக்கத்துக் குதிரை வெளியே போனபோது ஒரு கட்டம் நகர்ந்து திரும்புவது மட்டும்தான் வழி, அதுவும் இரட்டைப்படை.

ஆக வெள்ளை ஆடிய மொத்த நகர்த்தல் இரட்டைப்படை, கறுப்பு ஆடியதும் இரட்டைப்படை. ஆனால் இப்போது கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஒன்று கூடுதலாக ஆடியிருக்க வேண்டும். இரண்டு இரட்டைப்படை எண்ணுக்கு நடுவே ஒன்று வித்தியாசம் வருமா? வராது. செஸ்ஸில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே நிலை, முறையை மாற்றியதும் வராத நிலை ஆகிவிட்டது. முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கே இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை.

அதே ஆரம்ப நிலையில் ஒரு சிப்பாய் நகர்ந்திருந்தால்?

எது என்பதைப் பொறுத்தது. ஏ2 சிப்பாய் ஏ3-ல், மற்றதெல்லாம் வீட்டில், ஆட வேண்டியது வெள்ளை. யானைக்கு இப்போது ஏ2 என்று ஒரு கூடுதல் கட்டம் கிடைத்தது, ஆனால் அது முட்டுச்சந்து. போனால் அதே வழியில் திரும்ப வேண்டும், கணக்கு இரட்டைப்படையாகவே நிற்கும். சிப்பாயின் ஒரு நகர்த்தலைச் சேர்த்தால் வெள்ளைக்கு ஒற்றைப்படை, கறுப்புக்கு இரட்டைப்படை. வெள்ளையின் முறை என்றால் இரண்டும் சமமாக இருந்தாக வேண்டும். வராது.

அதே சிப்பாய் ஏ4-ல் இருந்தால் வரும், ஒரு நொடியில். வெள்ளை ஏ3, கறுப்புக் குதிரை ஜி8-லிருந்து எஃப்6, வெள்ளை ஏ4, குதிரை திரும்ப ஜி8. வெள்ளையின் முறை, நிலை தயார். பி3 என்றாலும் வரும். சி1 பிஷப்புக்கு வழி திறந்துவிடுகிறது. அது பி2, ஏ3, சி1 என்று மூன்று தாவலில் வீட்டுக்குத் திரும்பி ஒற்றைப்படையைக் கொண்டுவந்துவிடும்.

கேஸ்லிங் (அதுவரை நகராத ராஜா இரண்டு கட்டம் நகர, நகராத யானை அதைத் தாண்டி வந்து நிற்பது) உண்டா இல்லையா என்பதையும் தடம் பார்த்துச் சொல்ல முடியுமா?

சில சமயம். கறுப்பு ராஜா இ8, கறுப்பு யானை எச்8, சில கறுப்புச் சிப்பாய்கள் ஏழாம் வரிசையில் வீட்டிலேயே. வேறு கறுப்புக் காய் இல்லை. வெள்ளையின் முறை. அப்படியானால் கறுப்பு இப்போதுதான் ஆடி முடித்திருக்கிறது. எதை ஆடியது? சிப்பாய்கள் நகரவில்லை. மிச்சம் ராஜாவும் யானையும். இரண்டில் எது நகர்ந்திருந்தாலும் கேஸ்லிங் உரிமை போச்சு. ராஜாவும் யானையும் சமர்த்தாக வீட்டில் நின்று என்ன பயன்?

தடம் தெளிவாக இல்லாதபோது புதிர் போடுகிறவர்களிடம் ஒரு ஒப்பந்தம் உண்டு. கேஸ்லிங்குக்குச் சந்தேகத்தின் பலன் கொடுப்பார்கள். ராஜாவோ யானையோ நகர்ந்தது என்று நிரூபணமானால் ஒழிய அனுமதி. ஆன் பாசானுக்கு நேர்மாறு. எதிரிச் சிப்பாய் கடைசி நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டி வந்தது என்று நிரூபித்தால்தான் வெட்டலாம்.

அதை எப்படி நிரூபிப்பது என்றால், ஒரு துண்டு மட்டும் காட்டுகிறேன். வெள்ளை ராஜா சி5, வெள்ளைச் சிப்பாய் இ5, கறுப்புச் சிப்பாய் டி5. அது டி6-லிருந்து ஒரு கட்டம் வந்திருக்குமா? டி6-ல் நின்றபோதே அது சி5 ராஜாவுக்கு செக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெள்ளை செக்கில் இருக்க கறுப்பு ஆடுவதா? நடக்காது. வெள்ளையின் 16 காயும் போர்டில் இருந்தால், வெட்டி வந்ததாகவும் இருக்காது. ஆக டி7-லிருந்து ஒரே தாவு. கடைசியாக நகர்ந்தது அந்தச் சிப்பாய்தான் என்பதை மட்டும் வேறு வழியில் காட்டிவிட்டால் ஆன் பாசான் உறுதி.

போட்டியில் வராத நிலை வந்துவிட்டால்?

நகர்த்தல்களை எழுதுகிற ஆட்டத்தில் தடம் பார்க்க வேண்டியதில்லை. எழுதிய தாளைத் திரும்ப ஆடிப் பார்த்து, தப்பு நடந்த இடத்துக்குப் போவார்கள். பிளிட்ஸ் என்னும் மின்னல் வேக ஆட்டத்தில்தான் கூத்து. இரண்டு ராஜாவும் செக்கில் இருக்க இருவரும் கவனிக்காமல் கடிகாரத்தைத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். நடுவர் அதைப் பார்த்தால் அடுத்த நகர்த்தல் முடியும்வரை காத்திருந்து, அப்போதும் அந்த நிலை சரியாகவில்லை என்றால் டிரா என்று அறிவிக்க வேண்டும் என்கின்றன வேக ஆட்டத்துக்கான விதிகள்.

கம்ப்யூட்டரில் போட்டால் சொல்லிவிடாதா?

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமிடம் அந்த ஏ1 பிஷப் நிலையைக் கொடுங்கள். யார் எவ்வளவு முன்னிலை என்று தசமப் புள்ளியோடு சொல்லும். இது வரவே வராதே என்று கேட்காது, அதன் வேலை முன்னால் பார்ப்பது. போர்டு எடிட்டர்கள் ராஜா இருக்கிறதா, சிப்பாய் ஓர வரிசையில் இருக்கிறதா என்கிற அளவுக்குத்தான் சோதிக்கும். நாட்ச், யூக்ளிட் என்று பின்னோக்கி வேலை செய்யும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஆரம்ப நிலையிலிருந்து குறிப்பிட்ட நிலைக்கு இத்தனை நகர்த்தலில் வருகிற ஆட்டம் எது என்று தேடிக் கொடுக்கும். நீளம் கூடக்கூட அவையும் திணறும்.

மொத்தம் எத்தனை நிலை வரும்?

1950-ல் கிளாட் ஷானன் 10-இன் 43-ஆம் அடுக்கு அளவில் இருக்கும் என்று தோராயமாகச் சொன்னார். பிற்பாடு ஜான் டிராம்ப், நிலைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஒவ்வொன்றும் வருமா வராதா என்று தடம் பார்த்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்தார். சுமார் 4.8 பெருக்கல் 10-இன் 44-ஆம் அடுக்கு. நாம் மாடி அறையில் செய்யும் வேலையைத்தான் அவர் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்று பிள்ளைகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

இதனால் பையனுக்கு ரேட்டிங் ஏறுமா சார்?

ஏறாது.

வீட்டில் முயன்று பார்க்க ஒன்று கொடுங்களேன்?

ஆரம்ப நிலை, ஆனால் வெள்ளையின் பி1 குதிரை மட்டும் இல்லை. மற்ற 31 காயும் வீட்டில். வெள்ளையின் முறை. இது வரும்: வெள்ளைக் குதிரை சி3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை டி5, கறுப்பு அதை வெட்டுகிறது. அப்புறம் வெள்ளை தன் மற்ற குதிரையை எஃப்3-க்கு எடுத்து ஜி1-க்குத் திருப்புவதற்குள், கறுப்புக் குதிரை எஃப்6 வழியாக ஜி8-க்குப் போய்விடும். நான்குக்கு நான்கு.

இப்போது அதே நிலை, முறை மட்டும் கறுப்புக்கு. பேனரைப் பார்த்த அந்தப் பெண், இப்போது பன்னிரண்டு வயது, போன ஞாயிறு இதற்கு ஒரு ஆட்டம் காட்டினாள். வெள்ளை ஏழு நகர்த்தல், கறுப்பு ஆறு. செத்த குதிரை சாவதற்கு முன் எத்தனை தாவியது என்பதில்தான் சூட்சுமம் என்று மட்டும் சொல்லச் சொன்னாள்.